நுங்கம்பாக்கத்துத் தூணில் பிறந்த மணி

தினமும் 16 மணிக்கு, அதாவது மாலை நாலு மணிக்கு, நம் ரயில்வேயில் சத்தமில்லாமல் ஒரு வேலை நடந்துவிடுகிறது. முக்கிய ஸ்டேஷன்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் மணி சொல்லப்பட வேண்டும் என்று ரயில்வேயின் பொது விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மணியை வைத்துத்தான் ரயில்கள் ஓட வேண்டும். திருவள்ளூர் பிளாட்பாரத்தில் அரக்கோணம் லோக்கலுக்குக் காத்திருப்பவருக்கோ, கும்மிடிப்பூண்டியில் இறங்கி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போக ஷேர் ஆட்டோ தேடுபவருக்கோ இது தெரிய வாய்ப்பில்லை. ஆனால் தந்திக் கம்பி வழியே ஊர் ஊராக நேரம் அனுப்பிய ஒரு காலத்தின் நேர் வாரிசு இந்த விதி. அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் ரயில் ஓடியது மெட்ராஸ் மணியில். இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ரயிலுக்கு முன்னால் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உச்சிப்பொழுது இருந்தது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் நுங்கம்பாக்கத்தில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்துத் திருவள்ளூரில் வரும். கும்மிடிப்பூண்டியில் அரை நிமிடம் கழித்து. கோயம்புத்தூரில் 13 நிமிடம் கழித்து. மாட்டு வண்டியில் போகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டி விடுகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மெட்ராஸ் மணியின் கதை ரயிலுக்கும் 70 வருஷம் முந்தையது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வான் ஆய்வகம் வைத்திருந்தார். பிறகு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று கட்டடம் எழுந்தது. முன்னின்று கட்டியவர் மைக்கேல் டாப்பிங். சோழமண்டலக் கரையை அளந்தவர் அவர்தான். 1794-ல் எட்டுப் பையன்களோடு அவர் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. கம்பெனிக்கு நட்சத்திரங்கள் மேல் தனி அன்பு எதுவும் இல்லை. கப்பல் கரைதட்டாமல் வர வேண்டும், பிடித்த நிலத்துக்குச் சரியான படம் வேண்டும். இரண்டுக்கும் தீர்க்கரேகை தெரிய வேண்டும். தீர்க்கரேகை தெரிய வேண்டுமானால் நேரம் பிசகக் கூடாது.

ஆய்வகத்தின் நடுவில் ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். பத்து டன் எடை, பதினைந்து அடி உயரம். நட்சத்திரம் பார்க்கும் கருவியை அதன்மேல் வைத்தார்கள். கட்டடம் அதிர்ந்தாலும் தூண் அதிரக் கூடாது. அங்கே நேரம் பிடித்த முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. வடக்கு தெற்காக மட்டும் அசையும் ஒரு தொலைநோக்கி. அதன் கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள் நெடுக்காகக் கட்டியிருக்கும். இரவில் ஒருவர் கண்ணை வைத்துக் காத்திருப்பார். பக்கத்தில் ஊசல் கடிகாரம் நொடி நொடியாகத் தட்டிக்கொண்டிருக்கும். தெரிந்த ஒரு நட்சத்திரம் நகர்ந்து வந்து இழையைத் தொடும்போது எந்தத் தட்டுக்கும் எந்தத் தட்டுக்கும் நடுவில் தொட்டது என்பதைக் கண்ணாலும் காதாலும் சேர்த்துப் பிடித்துக் குறித்துக்கொள்வார். அதிலிருந்து கடிகாரம் எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று கணக்குப் போடுவார்கள். ஜான் ஷெல்டன் செய்து அந்த ஆய்வகத்துக்கு வந்த ஊசல் கடிகாரம் இன்றும் கொடைக்கானல் ஆய்வகத்தில் இருக்கிறது.

இப்படி நட்சத்திரம் நட்சத்திரமாகப் பார்த்துத்தான் ஆய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் மெட்ராஸின் தீர்க்கரேகையை நிர்ணயித்தார். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம், அதற்கு மேல் சில நொடிகள் முன்னால். அதே 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்பவர் தொடங்கிய பெரும் நில அளவைக்கும் இந்த ஆய்வகமே ஆதாரப் புள்ளி.

தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு இருக்கிறது. கணித விஞ்ஞானத்தை ஆசியாவில் முதன்முதலாக ஊன்றியதே ஆங்கிலேயரின் தாராளம்தான் என்கிற பெருமிதம் அதில் தெரிகிறது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஆய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ஜான் வாரன், பிறகு பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி நகர்த்தி, 1825-ல் வந்த ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் நடுவும் முடிவும் பிசகிப்போயின. தொடக்கம் மட்டும் 4 நிமிடத்துக்குள் சரியாக வந்தது. காகிதம் கிடையாது, தொலைநோக்கி கிடையாது. வாரன் இதை மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பாதை அது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போனது. வெயிலையும் நிழலையும் பார்த்துப் பொழுதறிந்த ஒரு ஜில்லாவுக்குள் நிமிடக் கணக்கு நுழைந்தது இந்தப் பாதையில்தான். வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் பக்கம் போகும் கடற்கரைப் பாதைக்கு 1899 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன் தலைமை ஊரின் நேரத்தில் வண்டி விட்டுக்கொண்டிருந்தது. பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் தலைவலி தொடங்கியது. பம்பாய் மணி ஒன்று, கல்கத்தா மணி ஒன்று, இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மெட்ராஸ் ஏறக்குறைய நடுவில் இருந்தது. பம்பாயை விட 30 நிமிடம் முன்னால், கல்கத்தாவை விட 32 நிமிடம் பின்னால். போதாக்குறைக்கு நேரத்தை நட்சத்திரம் பார்த்துச் சொல்ல ஆய்வகமும் இங்கே இருந்தது. 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்வே முழுவதும் மெட்ராஸ் நேரத்துக்கு வந்தது. நுங்கம்பாக்கத்தில் பிடித்த நேரம் தந்தியில் நாடெங்கும் போனது.

அந்த ஆண்டுகளில் ஆய்வகத்தில் இருந்த ஒருவரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அரசு வானியலாளர் நார்மன் போக்சனுக்கு முதல் உதவியாளர். ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டறிந்தவர். பகலில் ஆய்வகக் கணக்கு. மற்ற நேரத்தில் பஞ்சாங்கங்களைக் கண்ணால் பார்த்த வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்த வேண்டும் என்ற போராட்டம். திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்த 1874-ல் பொதுமக்களுக்காக அதைப் பற்றிச் சிறுநூல் எழுதினார். ஆங்கிலேயர் ஊன்றிய தூணுக்கும் சோழிக் கணக்குக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேச வைத்தவர் அவர் என்பேன்.

மெட்ராஸ் மணியை எல்லோரும் சந்தோஷமாக ஏற்கவில்லை. 1881-ல் பம்பாய் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் ஊர் முழுக்க அதைத் திணிக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது, 1883-ல் கைவிட்டார். 1906 ஜனவரி 1 அன்று 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், இந்தியத் திட்ட நேரம் வந்தபோது பம்பாய் இன்னும் கொதித்தது. அங்கே கடிகாரம் ஒரேயடியாக 39 நிமிடம் முன்னால் போனது. விடிந்ததும் ஆலைக்குள் நுழைந்துகொண்டிருந்த பஞ்சாலைத் தொழிலாளி இனிமேல் இருட்டில் எழுந்து ஓட வேண்டும். அந்த மாதமே ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பம்பாய் தன் மணியை 1955 வரை விடவில்லை. கல்கத்தா 1948 வரை.

மெட்ராஸ் முணுமுணுக்கவில்லை. நம் கடிகாரம் 9 நிமிடம்தான் நகர்ந்தது. நாடு முழுவதற்கும் நேரம் கொடுத்த ஊர் தன் நேரத்தை அத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்ததால்தான் இந்தக் கதையே மறந்துபோனதோ என்று எனக்குத் தோன்றும். பம்பாய் நேரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். சண்டை போட்டவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது.

அந்தப் புதிய நேரத்தின் கோடு தமிழ்நாட்டில் எங்குமே கால் வைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாக வந்து ஆந்திராவில் காக்கிநாடாவுக்கு அருகே கடலில் இறங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் பழவேற்காட்டுக்கும் அப்பால், வங்கக்கடலில், சுமார் 250 கிலோமீட்டர் கிழக்கே. அதனால் நம் திருவள்ளூர் ஜில்லாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, சராசரியாக 12.10-க்கு. அதுவும் நிலையில்லை. நவம்பர் தொடக்கத்தில் 11.54-க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.24 ஆகிவிடும். ராகுகாலத்தை மட்டும் திங்கள் ஏழரை ஒன்பது என்று காலண்டரில் அச்சடித்து வைத்திருக்கிறோம். சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டிய கணக்கு அது. மிர்சாபூர் மணிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒருமுறை இந்த மணியையும் நகர்த்தினார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் ஜப்பான் குண்டு விழுந்து, மெட்ராஸே பயந்து காலியான வருஷம் அது. அந்த செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. மாலை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கும் இந்த ஏற்பாட்டை 1916-ல் ஜெர்மனி தொடங்கிவைத்தது. லண்டனில் கோடைப்பகல் பதினாறரை மணி நேரம் நீளும், குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்குள் சுருங்கும். அங்கே கடிகாரத்தைத் தள்ளிவைப்பதில் அர்த்தம் உண்டு. திருவள்ளூரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். யுத்த நேரத்தில் ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் உதித்தது கடிகாரப்படி 7.36-க்கு. காலை ஷிப்ட் போனவர்கள் வேலையை விளக்கொளியில் தொடங்கியிருப்பார்கள்.

இலங்கையில் இப்படிக் கடிகாரத்தை நகர்த்துவது தமிழர் வாழ்க்கைக்குள்ளேயே புகுந்தது. வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்த 1996-ல் அந்த அரசு மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திரும்ப எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. ஒரே தீவில், ஒரே சாலையில், சோதனைச்சாவடியைத் தாண்டினால் மணி அரை மணி நேரம் மாறும். 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, கொழும்பு மறுபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற பழைய கணக்குக்கே வந்து சேர்ந்தது.

நம் சிப்காட்டுக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கிறவருக்கு ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட், ஜெனரல் என்றுதான் நாள். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாவது பிரிவிலேயே, இந்தச் சட்டத்தில் மணி என்று சொன்னால் அது இந்தியத் திட்ட நேரம் என்று எழுதிவிட்டது. அந்த நேரத்தைப் பின்பற்றாத பகுதி இருந்தால் மாநில அரசு வேறு நேரத்தை அனுமதிக்கலாம் என்று ஒரு விலக்கும் கொடுத்தது. பம்பாய் இன்னும் பிடிவாதமாக இருந்த வருஷமல்லவா. 57-வது பிரிவு இன்னும் மனிதத் தன்மையோடு யோசித்தது. நடுராத்திரியைத் தாண்டி வேலை செய்கிறவருக்கு மறுநாள் என்பது 12 மணிக்குப் பிறக்காது, அவர் ஷிப்ட் முடியும்போதுதான் பிறக்கும். நைட் ஷிப்ட் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். சட்டத்துக்கும் தெரிந்திருந்தது.

இரும்பை உருக்கும் உலைகளுக்கு வேறொரு கடிகாரமும் உண்டு. உயரழுத்த மின் இணைப்பில் காலையும் மாலையும் சில மணி நேரம் உச்ச நேரம். அப்போது எரியும் யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம். இரவில் சலுகை. கடிகாரத்தைத் தொடாமல் வேலையை மட்டும் நகர்த்தும் வழி இது. இரவுத் தூக்கம் போகிறது என்பதை யாராவது அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிப்காட் வாசலில் டீக்கடையில் ஒரு அஸ்ஸாம் பையன், வெளிச்சம் வராத ஒரு அஞ்சு மணிக்கு, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “அண்ணா, எங்க ஊர்ல இந்நேரம் வெயில் வந்துடும்.” உண்மைதான். ஜூனில் குவஹாத்தியில் நாலரைக்கே சூரியன் வந்துவிடும், இங்கே ஐந்தே முக்காலாகிவிடும். கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்று. அங்கே தேயிலைத் தோட்டங்கள் ‘பாகன் நேரம்’ என்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்து வேலை செய்கின்றன. கிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்று அஸ்ஸாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாட்டின் திட்ட நேரத்தை இன்று காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2018-ல் இரண்டு நேர மண்டலங்கள் சாத்தியம் என்று எழுதினார்கள். எல்லையில் ரயில்கள் கடிகாரம் மாற்ற வேண்டிய ஸ்டேஷன்கள் இரண்டுதான், நியூ கூச் பெஹாரும் அலிப்பூர்துவாரும், என்று கணக்கும் சொன்னார்கள். அரசு இதுவரை சம்மதிக்கவில்லை. எனக்கு அந்தக் கோரிக்கையில் நியாயம் தெரிகிறது. பம்பாய் ஆலைத் தொழிலாளி 39 நிமிடத்துக்காகத் தெருவுக்கு வந்தார் என்றால், வருஷம் முழுக்க ஒரு மணி நேர வெளிச்சத்தை இழக்கிறவர்கள் கேட்காமல் இருப்பார்களா? முடிவெடுக்கும்போது ரயில்வேயைக் கேட்கிற மாதிரி தோட்டத்தில் இலை கிள்ளும் பெண்களையும் கேட்க வேண்டும்.