முதியோரின் இரத்தத்தில் இருந்த செய்தி



ஆய்வுக்கூடங்களில் ஒரு சளிக்காய்ச்சல் கிருமிக்கு நம் ஊர்ப் பெயர் இருக்கிறது: ஏ/சிங்கப்பூர்/1/57. 1957இல் உலகத்தையே சுற்றிவந்த 'ஆசியக் காய்ச்சல்' கிருமியின் மாதிரி அது. அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மதராஸ் துறைமுகம் சேர்ந்த கப்பலோடு காய்ச்சலும் கரையிறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவான நோயாளிகள் மட்டும் சுமார் 44 லட்சம் பேர். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி வந்துபோன அதே கடல்வழிதான்.

இந்த ஆபத்தை ஒரு செய்தித்தாளைப் படித்தே கண்டுகொண்டவர் அமெரிக்கரான மாரிஸ் ஹில்மன். 1919இல் மொன்டானா மாநிலத்தில் பிறந்தவர். பிறந்த இரண்டாம் நாளே தாய் இறந்துவிட, உறவினரின் பண்ணையில் கோழிகளோடு வளர்ந்தார். 1948 முதல் வாஷிங்டனில் வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையத்தில் சுவாச நோய்க் கிருமிகளை ஆராய்ந்தார். படைமுகாம்களில் இளைஞர்களைப் படுக்க வைத்த அடினோவைரஸைக் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். சளிக்காய்ச்சல் கிருமி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறும், எப்போதாவது அடியோடு மாறிவிடும் என்பதையும் அங்கேதான் தெளிவுபடுத்தினார். அடியோடு மாறினால் யாருடைய உடலுக்கும் அதை அடையாளம் தெரியாது.

1957 ஏப்ரல் 17. ஹாங்காங்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர் காய்ச்சலுக்கு மருந்து வாங்கக் காத்திருக்கிறார்கள், தாய்மார் முதுகில் கண் செருகிய குழந்தைகள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்தது. ஊரில் பத்தில் ஒருவருக்கு நோய்! இது உலகம் முழுவதும் பரவப்போகிறது என்று ஹில்மனுக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே ஜப்பானிலிருந்த இராணுவ ஆய்வுக்கூடத்துக்குத் தந்தி கொடுத்தார். ஹாங்காங்கில் நோய் கண்ட ஒரு கடற்படை வீரர் உப்புநீரால் தொண்டை கொப்பளித்துத் துப்பியது, ஒரு மாதம் கழித்து அவர் மேசைக்கு வந்தது.

அதன்பின் அவர் செய்த சோதனை எளிமையானது. இந்தக் கிருமி கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். நம் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டவிடாது. அணுக்கள் குழியின் அடியில் பொட்டுபோல் இறங்கிவிடும். நூற்றுக்கணக்கானவர்களின் சீரத்தை இரவும் பகலும் சோதித்தார்கள். எல்லாமே ஒட்டின. மிக வயதான சிலருடைய சீரம் மட்டும் தடுத்தது. அவர்கள் 1889-90இல் பரவிய பெருங்காய்ச்சலில் பிழைத்தவர்கள். ஏறக்குறைய 70 ஆண்டுகளாக அவர்கள் உடல் அதை மறக்கவில்லை. வார்டில் இரத்தம் எடுக்கும்போது "இத்தனை குழாயா?" என்று எங்களிடம் கோபிக்கும் தாத்தாமாரின் முகம்தான் தாதியரான எங்களுக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

செப்டம்பரில் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் அமெரிக்காவில் காய்ச்சல் வெடிக்கும் என்று ஹில்மன் அறிவித்தார். பலர் நம்பவில்லை. அவரோ அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திராமல், தடுப்பூசி தயாரிக்கும் ஆறு நிறுவனங்களுக்கு நேரடியாகக் கிருமியை அனுப்பினார். அப்போது தடுப்பூசிக் கிருமியைக் கருவுள்ள முட்டையில்தான் வளர்க்க வேண்டியிருந்தது. ஆகவே, "சேவல்களை அறுக்கச் சொல்லாதீர்கள்" என்று பண்ணைக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். பண்ணையில் வளர்ந்தவருக்கு அல்லவா அது தோன்றும்!

சொன்னபடியே செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. ஆண்டு முடிவதற்குள் சுமார் 4 கோடி தடுப்பூசிகள் தயாராகின. ஆனால் நோய் உச்சத்தில் இருந்த அக்டோபரில் அவற்றில் பாதிகூடக் கைக்கு வந்து சேரவில்லை. ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். அவர் எத்தனை உயிரைக் காத்தார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு மாதம் தாமதித்திருந்தால் அந்த அளவுகூடக் கிடைத்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

அதன்பின் மெர்க் நிறுவனத்தில் சேர்ந்து ஏறக்குறைய 40 தடுப்பூசிகளை உருவாக்கினார். மகள் ஜெரில் லின் புட்டாளம்மையில் படுத்தபோது அவள் தொண்டையிலிருந்து எடுத்த கிருமிதான் அந்நோய்க்கான தடுப்பூசியாயிற்று. நீங்கள் குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்ட எம்.எம்.ஆர். ஊசியிலும் அந்த வழிக் கிருமி இருந்திருக்கலாம்.

ஹில்மன் 2005 ஏப்ரல் 11 அன்று இறந்தார். அதே வாரத்தில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அவசரச் செய்தி வெளியிட்டது. ஆய்வுக்கூடங்களின் திறனைச் சோதிக்க அனுப்பிய பெட்டிகளில் 1957ஆம் ஆண்டுக் கிருமி தவறுதலாகப் போயிருந்தது. சிங்கப்பூர் உட்பட 18 நாடுகளில் உடனே அழிக்கச் சொன்னார்கள். ஏன் அத்தனை அவசரம்? அந்தக் கிருமி 1968க்குப் பிறகு மனிதரிடையே பரவவில்லை. அதன்பின் பிறந்த உங்களுக்கும் எங்களுக்கும் அதை அடையாளம் தெரியாது. ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளின் இரத்தத்துக்குத்தான் தெரியும்.