கவுஞ்சிக்குப் போன அம்பாசிடரும் அதன் கியர் ராடும்

பி பிளாக் பேஸ்மெண்டில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துத் தூணோரம் உறை போட்டு நிற்கும் வெள்ளை அம்பாசிடர் என்னுடையது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். விடுமுறையில் கீழே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் உறையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அங்கிள், இதுல கியர் எங்க இருக்கு?" ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காட்டினால் சிரிப்பார்கள். வைப்பர் சுவிட்ச் என்று நினைத்தார்களாம்.

போன மாதம் ஒரு பையன் மட்டும் வேறு கேள்வி கேட்டான். முன்சீட்டுக்கு முன்னால் மிதியடியை விலக்கிப் பார்த்து, "இங்க எதுக்கு தகடு வச்சு ஒட்டியிருக்கு?" என்றான். அதே வாரம் சி பிளாக் நண்பர் ஒருவர், தான் புதிதாக வாங்கியிருக்கும் பழைய பத்மினிக்கு ஃப்ளோர் கியர் மாட்டலாமா என்று விசாரித்தார். இரண்டு கேள்விக்கும் பதில் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கியர் ராடு முதலில் தரையில்தான் இருந்தது. காருக்கு அடியில் கியர்பாக்ஸ், அதன் தலையில் நேராக ஒரு கம்பி. அதை ஸ்டீயரிங் தண்டுக்கு ஏற்றியவர்கள் அமெரிக்கர்கள். 1938-ல் காடிலாக் அப்படிச் செய்தது. இரண்டொரு ஆண்டுகளில் அங்கே பெரும்பாலான கம்பெனிகள் பின்தொடர்ந்தன. காரணம் எளிது. தரையில் கம்பி இல்லையென்றால் முன்சீட்டில் நடுவில் ஒருவர் காலை நீட்டி உட்காரலாம். போருக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அந்தக் காலத்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் ஃபியட் 1100-ம் அப்படித்தான் இந்தியாவுக்கு வந்தன. வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸை முதலில் லேண்ட்மாஸ்டராகவும் 1950-களின் இறுதியில் அம்பாசிடராகவும் செய்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட், 1974-ல் பத்மினி ஆனது. இரண்டிலும் நான்கு கியர், இரண்டும் ஸ்டீயரிங்கில்.

நம் ஊருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-லிருந்து பத்தாண்டு செய்த ஹெரால்டுக்கு ஃப்ளோர் கியர்தான். சென்னையில் வளர்ந்த மூத்தவர்களுக்கு அந்தக் குட்டிக் கம்பியும், புஷ் தேய்ந்த பிறகு அது போடும் கடகட சத்தமும் நினைவிருக்கும்.

ஹெரால்டை விட்டுவிட்டுப் பார்த்தால், முப்பது வருடம் இந்த நாட்டில் கார் என்றால் ஸ்டீயரிங் கியர். அதற்கு டாக்ஸிக் கணக்கும் ஒரு காரணம். முன்சீட்டில் டிரைவரோடு இன்னும் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். அந்த மூன்றாவது ஆளின் காசுதான் பல டாக்ஸிக்காரர்களுக்கு லாபம்.

என் பெரியப்பா அவர்களில் ஒருவர். எங்கள் பூர்வீகம் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போக வேண்டும். மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வயல். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். கொடைக்கானலையே 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறி உண்டாக்கிய பிறகு, வெகுகாலம் பெரியகுளம் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும்தான் ஏறினார்கள். முதல் உலகப் போரை ஒட்டித்தான் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் ஏறும் பாதை வந்தது. மேல்மலை ஊர்களுக்கு வண்டி வசதி வந்தது அதற்கும் வெகுகாலம் பின்னால். நான் சிறுவனாக இருந்தபோது கவுஞ்சிக்கு பஸ், காய்கறி லாரி, ஜீப், அப்புறம் பெரியப்பாவின் 1982 மார்க் 4 அம்பாசிடர். முன்னால் டிரைவரைச் சேர்த்து நாலு பேர், பின்னால் ஐந்து பேர், டிக்கியில் பூண்டு மூட்டை. சட்டம் பற்றிக் கேட்காதீர்கள்.

ஸ்டீயரிங் கியர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பியை அசைத்தால் ஸ்டீயரிங் தண்டை ஒட்டிப் போகும் ஒரு குழாய் மேலும் கீழும் நகரும், பக்கவாட்டில் திரும்பும். கீழே அதிலிருந்து இரண்டு மூன்று கம்பிகள் கியர்பாக்ஸுக்குப் போகும். ஒரு அசைவு வரிசையைத் தேர்ந்தெடுக்கும், இன்னொன்று கியரைத் தள்ளும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ், ஒரு பின், ஒரு கிளிப். ஒவ்வொன்றும் நூலளவு தேய்ந்தாலும் எல்லாம் சேர்ந்து கம்பியின் நுனியில் ஒரு சாண் ஆட்டமாகிவிடும். அப்போது இரண்டு தொல்லை வரும். ஒன்று, கியர் சிக்கிக்கொள்ளும். டிரைவர் நடுரோட்டில் இறங்கி, பானட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு லிவரை ஒரு தட்டுத் தட்டுவதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். இரண்டாவது, சத்தமில்லாத தொல்லை. நாம் தள்ளிய தூரத்தில் பாதிதான் உள்ளே போய்ச் சேரும். கியர் விழுந்த மாதிரி இருக்கும், ஆனால் பற்கள் முழுதாகக் கோத்திருக்காது. நுனியோடு நுனி பிடித்துச் சுமையை இழுக்கும். நாளாக ஆக அந்த நுனிகள் மழுங்கும். மழுங்கிய பல் இறக்கத்தில் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

சமவெளியில் இது எரிச்சலோடு போகும். மலையில் உயிர் விஷயம். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பார் பெரியப்பா. பிரேக்கை நம்பாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துவர வேண்டும். அந்த நேரத்தில் கியர் நழுவினால் வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் மிச்சம். போதாததற்கு அம்பாசிடரின் முதல் கியரில் சின்க்ரோ கிடையாது. ஆள் நிறைந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் திணறும்போது ஓட்டத்திலேயே முதல் கியர் போட வேண்டுமென்றால் டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்து முதல் கியர். ரேஸ் சரியாக விழாவிட்டால் கியர்பாக்ஸ் அலறும். அந்த அலறல் ஒவ்வொன்றும் பல்லில் ஒரு சுரண்டல்.

தரைக்குத் திரும்பும் ஆசை அமெரிக்காவில்தான் முதலில் கிளம்பியது. 1950-களின் கடைசியில் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர், ஸ்டீயரிங் கியர் கார்களைத் தரைக் கியருக்கு மாற்றும் சாமான் செய்து விற்கத் தொடங்கினார். 1964-ல் போன்டியாக் ஜி.டி.ஓ. தொழிற்சாலையிலிருந்தே ஹர்ஸ்ட் ராடோடு வந்தது. வெளிக்கடைச் சாமானைக் கம்பெனியே மாட்டி விற்றது அப்போது பெரிய விஷயம். அவருடைய ராடுகளில் இன்றும் மெக்கானிக்குகள் பாராட்டுகிற ஒரு அம்சம் உண்டு. கம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிறுத்த இரண்டு போல்ட். அது இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் கையின் வேகமெல்லாம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஃபோர்க்கின் மேல் போய் இறங்கும். ஃபோர்க் என்பது சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவை நகர்த்தும் மெல்லிய கவை. அது வளையும், உராய்ந்து தேயும்.

இந்தியாவுக்கு அந்த ஆசை வந்தது மாருதியோடு என்பது என் எண்ணம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கைமாறியது, அடுத்த ஆண்டு கான்டெஸா. இரண்டிலும் ஃப்ளோர் கியர். சில வருடங்களில் டிரைவிங் ஸ்கூல்களே மாருதிக்கு மாறிவிட்டன. ஸ்டீயரிங் கியர் என்றால் பழைய வண்டி என்று ஆகிவிட்டது. 1992-ல் அம்பாசிடரிலேயே இசுஸு எஞ்சின், ஐந்து கியர், தரையில் ராடு என்று 1800 ஐ.எஸ்.இசட். வந்தது. அரசு அதிகாரிகள் அதில் கொடைக்கானல் வந்து இறங்குவதைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். அதற்குள் ஊருக்கு ஊர் பட்டறைகள் பழைய அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தரைக் கியர் மாட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தன.

1993-ல் சமவெளியில் ஒரு பட்டறையில் அவரும் மாட்டினார். நியாயமாகச் சொன்னால், அவருக்கு அழகு ஆசை மட்டும் இல்லை. மூட்டுகள் தேய்ந்து, மாதம் இரண்டு முறை பானட்டைத் திறந்து சலித்துப்போயிருந்தார். மேடையை வெட்டி ஓட்டை போட்டு, தரைத் தகட்டில் ஒரு பிராக்கெட் வைத்து, அதில் குட்டி ராடு. அங்கிருந்து பழைய கியர்பாக்ஸின் லிவர்களுக்குப் புதுக் கம்பிகள். "இப்ப பாருடா, வெண்ணெய் மாதிரி விழுது" என்று என்னை உட்காரவைத்துக் காட்டினார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நடுவில் உட்காரும் ஆளின் இடம் மட்டும் போயிற்று. ஒரு நடைக்கு ஒரு ஆள் குறைந்தது.

நாலைந்து மாதம் கழித்து, தை மாதம், கவுஞ்சியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டியை வத்தலக்குண்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நான் பின்சீட்டில். பெருமாள்மலை தாண்டியதும் மூன்றாவது கியர் ஒருமுறை நழுவியது. மறுபடி போட்டார். டம்டம் பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் திரும்பவும் நழுவியது, இந்த முறை எதிரில் பஸ். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பிரேக்கில் வேகத்தைக் கொன்று, இரண்டாவதில் போட்டு, ராடை இடது கையால் அழுத்திப் பிடித்தபடியே மலையடிவாரம் வரை வந்தார். வண்டியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இறங்கிய பிறகு அவர் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கியர்பாக்ஸைப் பிரித்த பெரிய மெக்கானிக் விளக்கியது இன்றும் மறக்கவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம் முறுக்கும், விட்டால் மறுபக்கம். புது ராடு நிற்பதோ பாடித் தகட்டின் மேல். ஆக கியர்பாக்ஸ் ஆடும்போதெல்லாம், அசையாமல் நிற்கும் ராடு கம்பியைப் பிடித்து இழுத்துக் கியரைப் பாதி வெளியே எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "ராடு கியர்பாக்ஸோட சேர்ந்து ஆடணும்ண்ணே. பாடியில நட்டா அது ராடு இல்ல, கடப்பாரை" என்றார். ஸ்டீயரிங் தண்டும் பாடியில்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். அந்தக் கம்பிகள் நீளமானவை, வழியில் மூட்டுகள் கொண்டவை, எஞ்சின் அசைவைக் கணக்கில் வைத்துச் செய்தவை. குட்டிக் கம்பிகளுக்கு அந்த இடம்கொடுப்பு இல்லை என்றார். இன்னொரு குற்றம் பெரியப்பாவுடையது. தரையில் ராடு வந்ததும் அதன் மேலேயே கையை வைத்து ஓட்டப் பழகிவிட்டார். ஸ்டீயரிங் கியரில் யாரும் கை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கையின் பாரம் நாள் முழுக்க ஃபோர்க்கை ஸ்லீவில் உரசவைத்திருக்கிறது. வெளியே எடுத்த ஃபோர்க் ஒரு பக்கம் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. மூன்றாவது கியரின் பற்கள் சப்பிப்போட்ட பனங்கொட்டை போல மழுங்கியிருந்தன.

இதிலிருந்து மாற்று ராடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜீப்பைப் பாருங்கள், கியர்பாக்ஸின் மூடியிலேயே நேராக ராடு. மேல்மலையில் அதைவிட அடிபட்ட வண்டி கிடையாது. இத்தனைக்கும் 1945-ல் வந்த முதல் சிவிலியன் ஜீப்புக்கு ஸ்டீயரிங் கியர் வைத்துப் பார்த்து, அடுத்த ஆண்டே தரைக்குத் திரும்பிவிட்டார்கள். இசுஸு கியர்பாக்ஸை முழுதாக மாற்றிய அம்பாசிடர்களும் நன்றாகவே ஓடுகின்றன, ஏனென்றால் அந்த ராடு அந்தப் பாக்ஸுக்கென்றே பிறந்தது. பழைய பாக்ஸை வைத்துக்கொண்டு ராடை மட்டும் மாற்றுவதில்தான் வினை. குட்டை ராடு என்றால் இன்னும் மோசம். தூரம் குறையும், ஆனால் கையின் பலம் அதிகமாக வேண்டும். வேகமாக இழுத்தால் சின்க்ரோ வளையத்துக்கு இரண்டு வேகத்தைச் சமப்படுத்த நேரம் கிடைக்காது. வெண்கல வளையம் இரும்போடு மோதித் தேய்வது முதலில் கையில்தான் தெரியும், காதுக்குப் பிறகுதான்.

சி பிளாக் நண்பருக்கு: முதலில் இருக்கிற லிங்கேஜின் புஷ்களை எல்லாம் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்று மாற்றி ஒன்றை விடாதீர்கள். பழைய புஷ் புதியதையும் தின்றுவிடும். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரையும் பாருங்கள். எண்ணெய் வண்டியின் புத்தகத்தில் சொன்னதுதான். கடைக்காரர் உயர்ந்தது என்று கொடுக்கும் சில கியர் எண்ணெய்கள் வெண்கலத்துக்கு ஆகாது. இத்தனைக்கும் பிறகும் கியர் சரியாக விழவில்லை என்றால் அப்போது ராடைப் பற்றிப் பேசலாம்.

பெரியப்பா அந்தத் தை மாதமே பழைய ஸ்டீயரிங் கியரைத் தேடிப்பிடித்து மாட்டினார். ஓட்டையைத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். நடுவில் மறுபடி ஆள் உட்கார்ந்தது. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலை அம்பாசிடரை நிறுத்தியபோதும் வண்டி கவுஞ்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு என்னிடம் வந்தது. ஓடாத வண்டிகளை அகற்றச் சொல்லிச் சங்கம் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்தேன். இது ஓடுகிற வண்டி. பொங்கலுக்குக் கவுஞ்சி போய் வருகிறோம். மகன் ஐந்து கியர் பாக்ஸ் போடலாம் என்கிறான், இன்னும் முடிவாகவில்லை.

கழற்றிய அந்தக் குட்டி ராடும் தேய்ந்த ஃபோர்க்கும் டிக்கியில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. பார்க்க வேண்டும் என்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரலாம். கையில் கிரீஸ் படும், நல்ல சட்டை போட்டுவர வேண்டாம்.