பாம்பன் பாலத்துக் கரும்புகை

மீட்டர் கேஜ் காலத்தில் ராமேஸ்வரம் ரயிலில் போனவர்களுக்கு, டீசல் எஞ்சின் கிளம்பும்போது கக்கிய கரும்புகை மறந்திருக்காது. ஒய்.டி.எம்.4 என்ற அந்த எஞ்சின் அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. 1968 முதல் வாரணாசியிலும் செய்தார்கள். ஆறே சிலிண்டர், ஆனால் 1,300 குதிரைசக்திக்கு மேல். காரணம் டர்போ. வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும். டிரைவர் கைப்பிடியை நகர்த்தியதும் டீசல் உடனே பாயும். சக்கரம் வேகமெடுக்கச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் சரியாக எரியாத டீசல்தான் நம் வெள்ளை வேட்டியில் படிந்த கரி!

சக்தி கூடினால் சூடும் அழுத்தமும் கூடும். பாலமோ இரண்டு கிலோமீட்டருக்கு மேல், ஒற்றைத் தண்டவாளம், கீழே கடல். நடுவில் எஞ்சின் படுத்தால் பின்னால் வரும் வண்டிக்கும் வழியில்லை. அதனால் இத்தகைய எஞ்சின்களைப் பணிமனையில் முழுதாகப் பிரிப்பார்கள். நம் பக்கத்தில் இதற்குப் பேர்போனது திருச்சி பொன்மலை. கிராங்க் ஷாஃப்டில் மயிரிழை விரிசல் பார்ப்பது, லைனர், பிஸ்டன் ரிங், பேரிங் மாற்றுவது, டர்போ சக்கரத்தின் சமநிலையைத் தனியே சரிபார்ப்பது. கடைசியில், எஞ்சின் தரும் மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்தி, நின்ற இடத்திலேயே முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

2007 ஆகஸ்டில் அகலப்பாதை வந்தது. பிறகு வந்த டபிள்யூ.டி.எம். எஞ்சின்களும் ஆல்கோ குடும்பமே. பதினாறு சிலிண்டர், அதே கரும்புகை.