போர்டு

போர்டு என்பது பலகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ்நாட்டில் குழந்தைகளும் அன்றாடம் சொல்லும் சொல் இது. ஆசிரியர் போர்டில் கணக்குப் போடுகிறார். பேருந்தின் நெற்றியில் போர்டு பார்த்து ஏறுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போர்டு எக்ஸாம் உண்டு. வெளியூரில் படிக்கும் பிள்ளை போர்டிங் ஸ்கூலில் இருக்கிறது. முதல் இரண்டிலும் பலகை கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இரண்டிலும் அது எங்கே போயிற்று என்பதே இச்சொல்லின் வரலாறு.

பழைய ஆங்கிலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இச்சொல் அறுத்த மரப்பலகையைக் குறித்தது. சாப்பாட்டு மேசைக்கும் அதே பெயர்தான். இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் மேசை நிலையாக ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மரத்தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீளமான பலகையைப் போட்டுத் துணி விரிப்பார்கள். எல்லோரும் உண்டு எழுந்தபின் பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். பலகைதான் மேசை என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

நாளடைவில் மேசையின் பெயர் அதில் பரிமாறும் உணவுக்கும் வந்தது. தங்குமிடத்தோடு சாப்பாடும் தரும் பள்ளி போர்டிங் ஸ்கூல் ஆனது இதனால்தான். பழைய விடுதிகளின் வாசலில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருப்பதில் முன்னது சாப்பாடு, பின்னது தங்கல்.

அதே மேசையைச் சுற்றி அமர்ந்து பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தபோது, அந்தக் குழுவுக்கும் போர்டு என்று பெயர் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1786இல் சென்னையில் ஏற்படுத்திய வருவாய் வாரியத்துக்கு ஆங்கிலத்தில் ரெவின்யூ போர்டு என்று பெயர். 1957இல் அமைந்த மின்சார வாரியத்தின் ‘ஈ.பி.’ என்ற சுருக்கப் பெயரில் இரண்டாம் எழுத்து போர்டையே குறிக்கிறது. கல்வி வாரியம் நடத்தும் தேர்வு போர்டு எக்ஸாம். தமிழ் மரபிலும் புலவர் கூட்டத்துக்கு ஒரு பலகை உண்டு: மதுரைச் சங்கப் பலகை. அதன்மேல் புலவர்கள் அமர்ந்ததாகக் கதை சொல்கிறது; ஆங்கிலப் பலகையையோ சுற்றி அமர்ந்தார்கள்.

கப்பலின் பக்கச் சுவருக்கும் போர்டு என்றே பெயர். அச்சுவர்களுக்கு உள்ளே இருப்பவர் ‘ஆன் போர்டு’ இருக்கிறார். இவ்வழக்கு பின்னர் ரயிலுக்கும் விமானத்துக்கும் பரவியது. விமானத்தில் ஏறக் காட்டும் போர்டிங் பாஸில் இருப்பது இந்தக் கப்பல் பலகைதான். பழைய வடஐரோப்பியக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அதனால் வலப்பக்கம் ஸ்டார்போர்டு, அதாவது செலுத்தும் பக்கம் எனப்பட்டது. இடப்பக்கத்தின் பெயர் லார்போர்டு. இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல் விழும். புயலில் கத்திச் சொல்லும் கட்டளையில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. ஆகவே 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, இடப்பக்கத்தைப் போர்ட் (port) என்றே சொல்ல உத்தரவிட்டது.

கப்போர்டு முதலில் கோப்பைகளை அடுக்கிக் காட்டும் திறந்த மேசை; கதவு வைத்த அலமாரியானது பின்னால். பியானோவில் கட்டைகள் வரிசையாக அமைந்த பகுதி கீபோர்டு. தட்டச்சுப் பொறியும் கணினியும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. கணினிக்குள் சில்லுகளைத் தாங்கும் மதர்போர்டில் மரம் துளியும் இல்லை. தட்டையான தாங்கி என்ற பொருள் மட்டும் நிற்கிறது.