கூரைத் தண்ணீர்: வீட்டுக்காரர்களைக் கொத்தனாராக்கிய ஒரு சட்டம்

மழைநீர் சேகரிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அரசுச் சுவர்களில் எழுதியிருக்கும் வாசகம்தான். அதைத் தாண்டி அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2003ஆம் வருடம் தமிழ்நாட்டு வீட்டுக்காரர்கள் ஒரே கோடையில், ஒரே நேரத்தில், தங்கள் வீட்டைத் தாங்களே திருத்திக் கட்டக் கிளம்பினார்கள். அந்தக் கதையையும், அது எங்கள் நெருப்பெரிச்சல் பக்கத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஓட்டு வீட்டிலிருந்து மொட்டை மாடிக்கு

கொங்கு நாடு மழை குறைந்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. திருப்பூர் வட்டாரத்தில் ஒரு வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் நடுவாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே விழும். அண்டாவோ குடமோ வைத்தால் நிரம்பிவிடும். ஓட்டு வீடு போய் கான்கிரீட் மொட்டை மாடி வந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகத் தெருச் சாக்கடையில் விடுவதுதான் நல்ல கட்டுமானம் என்று ஆனது. தண்ணீருக்குக் கிணறு இருந்தது, கிணறு வற்றினால் போர் இருந்தது, போர் வற்றினால் இன்னும் ஆழமான போர் இருந்தது!

43 நாள் கெடு

சென்னை பெசன்ட் நகரில் சேகர் ராகவன் என்பவர் 1990களிலேயே வீடு வீடாகப் போய் மழைநீரை மண்ணுக்குள் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முயற்சியால் 2002ல் சென்னையில் மழை இல்லம் என்ற ஒரு விளக்க மையம் திறக்கப்பட்டது. புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு அதற்கு முன்பே அரசு விதி இருந்தது. ஆனால் ஏற்கெனவே கட்டி முடித்த லட்சக்கணக்கான வீடுகளை என்ன செய்வது?

2003 ஜூலை 19 அன்று ஜெயலலிதா அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்றது. கெடு ஆகஸ்ட் 31. அதாவது 43 நாள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம், உள்ளாட்சியே செய்து முடித்து அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் சொத்து வரி போல வசூலிக்கலாம்.

வறட்சிக் காலம் அது. மக்களுக்கும் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது. கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஒரே கிராக்கி. பலர் தாங்களே கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் நல்ல மழை பெய்தபோது, மணற்பாங்கான சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. இந்தியாவின் மற்ற மாநிலங்கள் திரும்பிப் பார்த்த திட்டம் இது.

ஆனால் அவசரத்தில் ஒரு குறையும் நடந்தது. சோதிக்க வந்தவர்கள் பார்த்தது குழாய் இருக்கிறதா என்பதைத்தான். தண்ணீர் உண்மையில் எங்கே போகிறது என்பதை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. இரண்டடிப் பள்ளத்தில் உடைந்த செங்கல்லைப் போட்டு மூடிய குழிகள் சில வருடத்தில் மண்ணால் அடைத்துக்கொண்டன. 2019ல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது அரசு மறுபடியும் வீடு வீடாக ஆய்வு நடத்த வேண்டியிருந்தது.

கணக்கும் செய்முறையும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் மழைக்கு சுமார் 55,000 லிட்டர் விழும். ஆவியானது, சிதறியது போக 80 சதவீதம் கிடைத்தாலும் 44,000 லிட்டர்!

இதற்கு வேண்டியது பெரிய எந்திரம் எதுவும் இல்லை. மாடியில் இருந்து இறங்கும் குழாய்களை ஒன்றாக இணைக்க வேண்டும். முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும், அதை வெளியே விட ஒரு வால்வு வேண்டும். பிறகு ஒரு வடிகட்டும் தொட்டி. அடியில் பெரிய கூழாங்கல், அதன்மேல் சின்ன ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே மணல். அழுக்கு மணலிலேயே தங்கிவிடும், அதனால் மேல்மணலை மட்டும் வருடம் ஒருமுறை கழுவினால் போதும். வடிகட்டிய நீர் தரைத்தொட்டிக்குப் போகும், தொட்டி நிரம்பி வழிவது கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகும். வடிகட்டாத நீரை மட்டும் நேராகப் போருக்குள் விடக்கூடாது. அழுக்கு நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

திருப்பூர் மண்ணில்

நம் ஊர்க் கதை சென்னையில் இருந்து வேறுபடுவது இங்கேதான். சென்னைக் கடற்கரையில் மணல், இங்கே அடியில் பாறை. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அதைவிட முக்கியம் உப்பு. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். பல வருடங்கள் சாயக்கழிவு நொய்யலில் ஓடியது. பாசனத்துக்காக 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் மாறின. ஆனால் நிலத்தில் இறங்கிய உப்பு உத்தரவு போட்டால் வெளியே வராது.

அதனால்தான் இங்கே வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு பேச்சு. உப்புத் தண்ணியில் பருப்பு சரியாக வேகாது. செடிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும், தொட்டி மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். 2013ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற மாடித்தோட்டப் பைகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைக்குள் உப்பு சேர்ந்தால் கழுவிப் போக வழி குறைவு. ஆகவே நம் பக்கத்தில் கத்தரி, தக்காளி போட நினைப்பவர் விதைக்கு முன்னால் தண்ணீரை யோசிக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீர் நம் மாடியிலேயே இலவசமாக விழுகிறது. என்னைக் கேட்டால், இங்கே முதலில் தொட்டியில் சேமிப்பது, மிஞ்சியதை மண்ணில் இறக்குவது என்பதுதான் சரியான வரிசை.

குடிமராமத்து சொல்லும் பாடம்

நெருப்பெரிச்சலை ஒட்டி நல்லாற்று நீரில் நிரம்பும் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஏரி, குளங்களை அந்தக் காலத்தில் ஊர்க்காரர்களே வருடா வருடம் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தினார்கள். அந்த வழக்கத்துக்குப் பெயர் குடிமராமத்து. பிரிட்டிஷ் ஆட்சியில் அது தளர்ந்தபோது 1858ல் ஒரு சட்டம் போட்டு மக்களைக் கட்டாயப்படுத்தப் பார்த்தார்கள். சட்டத்தால் பழைய வழக்கத்தை மீட்க முடியவில்லை.

ஆற்றுநீரே இல்லாத பெர்முடா தீவில் வீடு கட்டினால் கூரைநீர்த் தொட்டியும் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அங்கே கூரைக்கு வெள்ளையடிப்பதும் தொட்டியைச் சுத்தம் செய்வதும் வீட்டுவேலையாகவே ஆகிவிட்டன. வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

முடிவாக

2003 சட்டம் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது நம் வீடுகளில் குழாயைப் பதித்துக் கொடுத்தது. 43 நாளில் வேறு எந்த வழியிலும் அது நடந்திருக்காது. ஆனால் குழாயைப் பதிக்க ஒரு தடவை பயந்தால் போதும். மணலைக் கழுவ ஒவ்வொரு வருடமும் நினைவு வேண்டும். ஆயுத பூஜைக்கு வீட்டையும் வண்டியையும் எப்படியும் கழுவுகிறோம். வடகிழக்குப் பருவமழையும் அந்தச் சமயத்தில்தான் வரும். அன்றைக்கே மாடியைக் கூட்டி, வடிகட்டித் தொட்டியின் மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டு மணி நேர வேலைதான்.