நாளிதழ் பெற்ற அலைவரிசைகள்: ஸ்கிரிப்ஸ் குழுமத்தின் தொலைக்காட்சி வரலாறு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில் 1878-ஆம் ஆண்டு ‘பென்னி பிரஸ்’ என்ற நாளிதழ் தொடங்கியது. விலை ஒரு சென்ட். ஆலைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதற்காக வைத்த விலை அது. இதழைத் தொடங்கிய எட்வர்ட் வில்லிஸ் ஸ்கிரிப்ஸ் (1854–1926) அதே முறையில் தொழில் நகரங்கள் பலவற்றில் மலிவு விலை இதழ்களை நடத்தினார். உள்ளூர் ஆசிரியருக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். 1907-இல் ‘யுனைடெட் பிரஸ்’ என்ற செய்தி நிறுவனத்தையும் அவர் உருவாக்கினார். விளம்பரதாரர் கைக்குப் பத்திரிகை போய்விடக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை ஆழமானது. விளம்பரமே இல்லாமல், வாசகர் தரும் காசை மட்டும் நம்பி, ‘டே புக்’ என்ற இதழைச் சிகாகோவில் 1911 முதல் 1917 வரை நடத்திப் பார்த்தார். அவருடைய வாரிசுகளின் தொலைக்காட்சித் தொழிலை எடைபோடும்போது இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குழுமத்தின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1947 டிசம்பர் 17 அன்று அதே கிளீவ்லாந்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒஹாயோவின் முதல் தொலைக்காட்சி நிலையமும் அதுதான். நிறுவனரின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘டபிள்யூ.ஈ.டபிள்யூ.எஸ்.’ என்று பெயரிட்டார்கள். ‘பென்னி பிரஸ்’ அதற்குள் ‘கிளீவ்லாந்து பிரஸ்’ என்று பெயர் மாறி நகரின் பெரிய நாளிதழாக வளர்ந்திருந்தது. இந்த நிலையத்தில் செய்தி சொல்ல அமர்த்தப்பட்டவர் டோரதி ஃபுல்தைம். அப்போது அவருக்கு வயது 54. பள்ளி ஆசிரியராகவும் மேடைப் பேச்சாளராகவும் இருந்துவிட்டு வந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி நிகழ்ச்சியை முன்னின்று நடத்திய முதல் பெண் என்று அவரைச் சொல்வது வழக்கம். செய்தியை வாசிப்பதோடு அவர் நிற்கவில்லை. அதைப் பற்றிய தன் கருத்தையும் நாளிதழின் தலையங்கம்போல நேயர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். 1984-இல் உடல்நலம் குன்றும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், அவர் அந்த நிலையத்தில் பணிபுரிந்தார். ஒரே ஊரில், ஒரே நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தக் குரலுக்கு ஈடு சொல்வது கடினம்.

முதல் நிலையத்தைத் தொடங்கிய பின் வந்த நாற்பது ஆண்டுகளில் குழுமம் வேறு நகரங்களிலும் நிலையங்களைச் சேர்த்தது. நாளிதழ் தன் ஊர்ச் செய்தியைத் தரும், நிலையம் அதைப் படமாகக் காட்டும் என்ற அளவில்தான் தொழில் நடந்தது. திருப்பம் 1990-களில் வந்தது. நாளிதழின் உள்பக்கங்களில் வீடு, தோட்டம், சமையல் பற்றி வரும் குறிப்புகளுக்கு எப்போதும் வாசகர் உண்டு. வண்ணப்பூச்சு, மரச்சாமான், அடுப்பு விற்பவர்களின் விளம்பரமும் அந்தப் பக்கங்களைத் தேடி வரும். அப்பக்கங்களைத் தனி அலைவரிசையாக நடத்தலாம் என்ற யோசனையை நிறுவனத்தின் முன் வைத்தவர் அதன் ஒலிபரப்புப் பிரிவில் பணியாற்றிய கென்னத் லோ. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் இருந்த ‘சினிடெல்’ என்ற படப்பிடிப்பு நிறுவனத்தை வாங்கி, 1994 டிசம்பர் 30 அன்று ‘எச்.ஜி.டி.வி.’ என்ற வீடு–தோட்ட அலைவரிசையைத் தொடங்கினார்கள்.

புதிய அலைவரிசைக்குக் கேபிளில் இடம் கிடைப்பது எளிதல்ல. அதற்கு வழி திறந்துவிட்டது 1992-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம். ஊர் நிலையத்தின் ஒளிபரப்பைக் கேபிள்காரர் எடுத்துக் காட்டவேண்டுமானால் நிலையத்தாரின் ஒப்புதல் வேண்டும் என்று அது விதித்தது. ஒப்புதலுக்குக் கட்டணம் தரக் கேபிள் நிறுவனங்கள் மறுத்தன. ஸ்கிரிப்ஸ் பணத்துக்குப் பதில் இடம் கேட்டது: எங்கள் நிலையத்தைக் காட்டுங்கள், கூடவே இந்தப் புதிய அலைவரிசையையும் காட்டுங்கள் என்றது. செய்தி தரும் நிலையங்களின் பலத்தில்தான் வீட்டு அலைவரிசை காலூன்றியது.

சமையல் அலைவரிசை கைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1997-இல் ஹார்ட்-ஹேங்க்ஸ் நிறுவனத்திடமிருந்து டெக்சாஸ் நாளிதழ்கள் சிலவற்றை ஸ்கிரிப்ஸ் வாங்கியது. அந்த வியாபாரத்தோடு சான் அன்டோனியோ நகரின் ஒரு தொலைக்காட்சி நிலையமும் வந்தது. அதை பீலோ நிறுவனத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு ‘ஃபுட் நெட்வொர்க்’ அலைவரிசையின் பெரும்பங்கைப் பெற்றது. நாளிதழ் வாங்கப் போய் அடுக்களை கிடைத்தது என்றே சொல்லலாம்.

இவ்வகை நிகழ்ச்சிகளுக்கெனத் தனி இலக்கணம் உருவானது. சமையல் நிகழ்ச்சியில் ஒரே பண்டத்தைப் பல நிலைகளில் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள்: நறுக்கிய காய் ஒரு கிண்ணத்தில், பாதி வதங்கியது வேறொரு வாணலியில், முழுதாக வெந்தது இன்னொரு அடுப்பில். சமைப்பவர் பச்சை மாவை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். அடுத்த அடுப்பைத் திறந்து பொன்னிறமாக வெந்ததை எடுப்பார். ஒரு மணி நேர வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1999-இல் தொடங்கிய ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியில் வீடு தேடும் குடும்பம் மூன்று வீடுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எது என்பது கடைசியில்தான் தெரியும். செய்தி மறுநாளே பழசாகிவிடும். இந்த நிகழ்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டலாம். வருமானமும் இரு வழியில் வந்தது: கேபிள் சந்தாவில் ஒரு பங்கு, விளம்பரத்தில் ஒரு பங்கு. நேயர் பார்க்கும் சமையலறையே விளம்பரதாரர் விற்கும் சரக்காகவும் அமைந்தது. ‘டே புக்’ நடத்திய மனிதர் மிகவும் அஞ்சிய நெருக்கம் இது.

அதே காலத்தில் நாளிதழ்கள் தளர்ந்தன. வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. தாய் இதழான ‘கிளீவ்லாந்து பிரஸ்’ கைமாறி 1982-லேயே நின்றுவிட்டது. 2008 ஜூலை 1 அன்று குழுமம் இரண்டாகப் பிரிந்தது. வீடு, சமையல் அலைவரிசைகள் ‘ஸ்கிரிப்ஸ் நெட்வொர்க்ஸ் இன்டராக்டிவ்’ என்று தனி நிறுவனமாயின. நாளிதழ்களும் ஊர் நிலையங்களும் பழைய நிறுவனத்தில் தங்கின. பிரிவினை நடந்து எட்டு மாதத்துக்குள், 2009 பிப்ரவரி 27 அன்று, டென்வர் நகரில் ஸ்கிரிப்ஸ் நடத்திவந்த ‘ராக்கி மவுன்டன் நியூஸ்’ தன் கடைசி இதழை அச்சிட்டது. 1859-இல் பிறந்த இதழ் அது. 150 ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கொழுத்த வருமானம் பிரிந்து போகாமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் அதைத் தாங்கியிருக்கலாம். ஆனால், பங்குச் சந்தையின் கணக்கு நலிந்ததையும் வளர்வதையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்க விடவில்லை.

பிரிந்து போன அலைவரிசைகளை 2018 மார்ச்சில் டிஸ்கவரி நிறுவனம் வாங்கியது. கடனையும் சேர்த்து மதிப்பு 1,460 கோடி டாலர். எஞ்சிய நாளிதழ்களை 2015-இல் வேறு நிறுவனத்தோடு இணைத்துவிட்டு, ஸ்கிரிப்ஸ் அச்சுத் தொழிலை விட்டே விலகியது. செய்தித்தாளில் பிறந்த பழக்கங்களில் ஒன்று மட்டும் அதனிடம் தங்கியது: 1941 முதல் அது நடத்திவரும் தேசிய ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டி. ஊர் நாளிதழ்கள் தங்கள் வட்டாரத்துச் சிறுவரை அனுப்பிவைத்த போட்டி அது. 1985-இல் பாலு நடராஜன் அதில் வென்றார்; இந்திய வம்சாவளியில் முதல் வெற்றியாளர் அவர்.

செய்தியையும் ஸ்கிரிப்ஸ் விட்டுவிடவில்லை. ‘நியூஸி’ என்ற காணொளிச் செய்தி நிறுவனத்தை வாங்கி, 2023-இல் அதற்கு ‘ஸ்கிரிப்ஸ் நியூஸ்’ என்று பெயர் மாற்றி நாடு தழுவிய செய்தி அலைவரிசையாக நடத்தியது. விளம்பரம் போதவில்லை. 2024 நவம்பரில் அதன் வான்வழி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, இணையவழிச் சேவையாகச் சுருங்கியது. கிளீவ்லாந்து நிலையம் நிறுவனரின் முதலெழுத்துகளோடு ஐந்தாம் எண் அலைவரிசையில் ஊர்ச் செய்தியைத் தொடர்ந்து சொல்லி வருகிறது.