உட்கரு இல்லாத கடிகாரம்

இஸ்ரேலில் அஷ்கெனாசி குழுவினர் மனித ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்துக் கரைசலில் வைத்து, அவற்றின் என்சைம்களின் வேகத்தை மணிக்கணக்கில் அளந்தார்கள். உடலோடு உறவு அறுந்த அணுக்கள். பசி, தூக்கம், வெயில் எதுவும் அவற்றை எட்டவில்லை. ஆனாலும் வேகம் ஏறியது, இறங்கியது, ஒரு நாள் கழித்து மறுபடி ஏறியது. 1975-ல் அதை அச்சிலேற்றினார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மற்றவர்கள் செய்துபார்த்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை பழ ஈயிலிருந்து வந்தது. ஈயின் நாள்தாளத்தைக் குலைக்கும் மரபணுவை 1971-லேயே கொனோப்காவும் பென்சரும் பிடித்திருந்தார்கள். மரபணு புரதத்தை உண்டாக்கும், அந்தப் புரதமே திரும்பிவந்து மரபணுவை அடக்கும், இந்தச் சுழற்சிதான் கடிகாரம் என்பது 1990-களில் உறுதியானது. சிவப்பணுவோ முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, 120 நாள் அது இல்லாமலே வாழ்ந்து முடிப்பது. மரபணு இல்லாத இடத்தில் மரபணுக் கடிகாரம் எப்படி ஓடும்?

தமிழ்நாட்டிலும் நாள்தாளம் பற்றி ஒரு தேடல் நடந்தது. உரிய அளவு பேசப்படாத தேடல். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் சுப்பராஜும் இருட்டுக் குகைக்குள் கூண்டில் வௌவால்களை அடைத்துவைத்தார்கள். வெளிச்சமே காணாத அவை, கூட்டம் பறந்து போய்வரும் சந்தடியை வைத்தே நாளைக் கணித்ததை 1978-ல் அறிவித்தார்கள். வௌவாலுக்குக் காது இருந்தது. குழாயில் கிடந்த அணுவுக்கு?

துப்பு ஓர் எலியின் கல்லீரலில் கிடைத்தது. அங்கே நாள்தோறும் ஏறி இறங்கிய புரதங்களில் ஏறக்குறைய பாதிக்கு, மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. அசையவே இல்லை என்று அகிலேஷ் ரெட்டி குழு 2006-ல் கண்டது. அப்படியானால் மரபணுவைக் கேட்காமலே ஏதோ ஒன்று தாளம் போட்டது.

கேம்பிரிட்ஜில் ஜான் ஓநீலும் ரெட்டியும் துணிந்து சிவப்பணுவுக்கே போனார்கள். 37 டிகிரி, முழு இருட்டு, 4 மணி நேரத்துக்கு ஒரு மாதிரி. பெராக்ஸிரெடாக்ஸின் என்ற என்சைம் ஹைட்ரஜன் பெராக்ஸைடை அழிக்கும்போது தானும் ஆக்ஸிஜனேற்றம் அடையும். அப்படி மாறியதை மட்டும் பற்றும் ஆன்டிபாடியால் மாதிரிகளைச் சோதித்ததும், பதிவான படத்தில் ஒரு கறுப்புப் பட்டை அடர்ந்தது, வெளிறியது, சுமார் 24 மணி நேரத்தில் மறுபடி அடர்ந்தது. 2011 ஜனவரியில் ‘நேச்சர்’ அதை வெளியிட்டது. ஏற்காட்டிலோ சேலத்திலோ சர்க்கரை பார்க்க விரல்நுனியில் குத்தி எடுக்கிறார்களே, அந்த ஒரு சொட்டுக்குள் இருப்பதும் இதே கடிகாரம்தான்.

ஆனால் பட்டை ஏன் வெளிறியது? மூன்று ஆண்டு கழித்துத் தென் கொரியர்கள் விடை சொன்னார்கள்: ஈமோகுளோபினே ஓயாமல் கசியவிடும் பெராக்ஸைடு அந்த என்சைமை மாற்றியது, மாறியதைப் புரோட்டியசோம் என்ற புரத அரைவை இயந்திரம் நாள்தோறும் உடைத்துத் தள்ளியது.